வராந்தாவில் வாசித்த கட்டுரை

குழந்தை அரங்குக்குள் வரக் கூடாது. தாய் அதைத் தனியே விடவும் கூடாது. ஆனாலும் அரங்கில் தாயின் கட்டுரை கேட்க வேண்டும். எப்படி, சொல்லுங்கள் பார்ப்போம்.

திருச்சியில் பெண்ணிய உளவியலாளர் மாநாடு. "நாலு வயசுப் பிள்ளையோட மேடையேறுவியா? வெளியே விட்டுட்டு வா. வாசிக்கலேன்னா பேரை அடிச்சிடுவேன்" என்றார், தலைமை தாங்கிய பேராசிரியை வசுந்தரா.

"மைக் வெளியே போகலாம்தானே மேடம்?" என்றாள் ஆய்வு மாணவி தேன்மொழி.

கம்பியில்லா மைக்கோடு மகள் நிலானியையும் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அரங்கின் ஒலிபெருக்கியில் தலைப்பு ஒலித்தது: "வாசலில் நிறுத்தப்படும் தாய்மார்." கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டது. காலி நாற்காலிகளுக்கு எதிரே வசுந்தரா மட்டும் மிஞ்சினார்.

கடைசியில் அவரும் வெளியே வந்தார். "உள்ளே வாம்மா. பாப்பா எங்க வேணா உட்காரட்டும்."

அரங்கில் சுழல் நாற்காலி தலைவருடையது ஒன்றுதான். நிலானி அதில் உட்கார்ந்தாள்.