பலவேசத்தோட போன வருஷம்

ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரன் இருந்தான் மக்கா. பேரு பலவேசம். கடலோரத்துல உப்பளம் வச்சிருந்தான். அவன் பொண்டாட்டி பூங்கனி. ரெண்டு பேரும் வெயில்ல கால் வெடிக்க வெடிக்க உப்பு வாருவாங்க, சரக் சரக்குன்னு. வாருன உப்பைக் கரையில மலையா குவிச்சு வைப்பாங்க. மழைக்கு முன்னாடி பனையோலை போட்டு மூடிரணும். இல்லைன்னா ஒரு வருஷப் பாடும் தண்ணியா ஓடிரும். ம் சொல்லு. சொல்லலைன்னா கதை இங்கேயே நின்னுரும்.

அப்போ பலவேசத்துக்கு ஒரு வியாதி. எதைக் கேட்டாலும் போன வருஷத்தைத்தான் சொல்லுவான். "போன வருஷம் ஐப்பசியிலதான் மழை, இப்பவே எதுக்கு மூடணும்?"ன்னான். புரட்டாசி பாதியிலேயே சடசடன்னு கொட்டிருச்சு. உப்பு அத்தனையும் போச்சு. பூங்கனி அழுதா, பாவம்.

அப்புறம் மறுவருஷம், "போன வருஷம் புரட்டாசியிலயே வந்துச்சுல்லா"ன்னு ஆவணியிலேயே மூடிட்டுக் காலை நீட்டிட்டான். மழையா? எட்டியே பாக்கல. பக்கத்து அளத்துக்காரங்க ரெண்டு மாசம் கூடுதலா உப்பு வாருனாங்க. நம்மாளு ஓலைக்குக் காவல் இருந்தான்! சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

அப்புறம் மூணாவது வருஷம். "போன வருஷம் பாத்தேல்லா, இனி மழையே கிடையாது"ன்னு, மூடுற ஓலையை எல்லாம் அடுப்புல வச்சு எரிச்சுட்டான், மகராசன். பூங்கனி அவனைப் பிடிச்சு நிறுத்துனா.

"இந்தத் தடவையும் கரைஞ்சா அளத்தை விட்டுட்டு ஊர் ஊரா கூலிக்குத்தான் போகணும். அந்தக் கடல்கிட்டயாவது போய் மழை எப்ப வரும்னு கேட்டுட்டு வாங்க"ன்னா.

போனான். காலையில இருந்து கடலோட மல்லுக்கட்டு. "ஏ கடலே, ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருக்க மாட்டியா?"

கடல் களுக்குன்னு சிரிச்சுது. "கிழக்கே ரொம்பத் தூரத்துல எனக்கு ஒரு அக்கா இருக்கா, பெரிய கடல். அவளுக்குச் சில வருஷம் உடம்பு சுடும், சில வருஷம் குளிரும். அதுக்குத் தக்கன காத்து மாறும், இங்க மழை கூடும், குறையும். அதுபோக, உங்க தாத்தா காலத்துக்கு இப்ப நானே கொஞ்சம் சூடுதான். போன வருஷக் கணக்கெல்லாம் எங்ககிட்ட செல்லாதுய்யா."

"சரி, இந்த வருஷம் அக்கா எப்படி?"

"கொதிச்சுக்கிட்டு இருக்கா, மழை கூடும்."

ம்? ம் சொன்னியா? சரி.

அப்போ கிழக்கே வானம் கறுத்துருச்சு. ஹோன்னு காத்து. "ஐயோ என் உப்பு!"ன்னு பலவேசம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுனான், தொபுக்குன்னு விழுந்தான், எந்திரிச்சு ஓடுனான். போய்ப் பாத்தா, குவியல் மேல ஓலை! கயிறு போட்டு இழுத்துக் கட்டி, ஒரு கல் உப்பு நனையல.

சந்தோஷத்துல வீட்டுக்கு ஓடி உள்ள நுழைஞ்சான். உள்ளயும் மழை! அண்ணாந்து பாத்தா கூரை ஓலையைக் காணோம், வெறும் கம்புதான் இருக்கு. பூங்கனி அண்டாவைத் தலையில கவுத்துக்கிட்டு நடுவீட்டுல உக்காந்திருக்கா.

"ஏட்டி, வீடு நனையுதே!"

"வீடு நனைஞ்சா காயும். உப்பு நனைஞ்சா காயுமா?"

 பலவேசம் மெதுவா போய் அவ பக்கத்துல உக்காந்து, அந்த அண்டாவுக்குள்ளயே தானும் தலையைக் கொடுத்தான். உள்ள இருந்தே கேட்டான்: "பூங்கனி, அடுத்த வருஷம் எப்ப மூடலாம்? நீயே சொல்லு."

அவ்வளவுதான் மக்கா. உப்பை மூடியாச்சு, கதையையும் மூடியாச்சு, நீ கண்ணை மூடு.