கடலை விலை கேட்ட ஆட்டக்காரர்

ஊளைச் சத்தம். இடைவேளையிலும் அது ஓயவில்லை.

தகரக் கொட்டகைக்குள் முனிரத்தினம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். ஊளை அவனுக்குத்தான். ஆறு ஆட்டமாக ஒரு கோல் கிடையாது. இன்று கால்பந்துக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். இன்றும் போடாவிட்டால் சுரங்கக் கம்பெனி அணியில் இடமில்லை. திங்கட்கிழமை மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கவேண்டும்.

பக்கத்தில் ஏசுபாதம் எலுமிச்சை மூடியைச் சப்பிக்கொண்டிருந்தார். தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து இந்திய அணிக்குப் போன முதல் ஆள். கப்பலேறிப் போய், வெறுங்காலோடு பூட்ஸ்காரர்களுக்குக் கோல் போட்டுவிட்டு வந்தவர். ஊருக்கே வாத்தியார்.

"வாத்தியாரே, எப்படித்தான் கோல் போடறது? இப்பவாவது சொல்லுங்க."

"பந்து கிடைச்சா நடுவுல ஓடு."

"நடுவுலயா? ரெண்டு தடியனுங்க நிக்கிறானுங்களே!"

"அவனுங்க எனக்காக நிக்கிறானுங்கப்பா."

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம். இன்னும் யாரும் கோல் போடவில்லை. ஏசுபாதம் திடீரென்று மைதானத்தின் ஓரக் கோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். எதிரே ஆடிய பட்டாளத்து அணியின் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள். அவரை விடக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு.

"என்ன வாத்தியாரே, வீட்டுக்கா?" கூட்டம் சிரித்தது.

அவர் கோட்டோரம் நின்று கடலைக்காரரிடம் கேட்டார். "பொட்டலம் என்ன விலை?"

தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கும் ஒண்ணு சொல்லட்டா?" என்றார் அவர்களிடம்.

அப்போது முனிரத்தினத்துக்குப் பந்து வந்தது. நடுவில் ஆளே இல்லை. ஓடினான். தடியர்கள் இருவரும் திரும்பி ஓடிவருவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும், ஊளையிட்டவர்களே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று வந்தார்கள்.

இறங்கியதும் குழாயடிக்கு ஓடினான். ஏசுபாதம் சட்டையிலிருந்த சேற்றைக் கசக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, நான் சுரங்கத்துல இறங்க வேணாமாம்! டீம் செக்ரட்டரியே சொல்லிட்டாரு."

"நல்லது."

"ஆனா நீங்க பண்ணது ஒண்ணுமே இல்லையே! சும்மா அந்தப் பக்கம் நடந்தீங்க. இவ்வளவு சுலபமா? எனக்கும் கத்துக் குடுங்க."

ஏசுபாதம் குழாயை மூடினார்.

"அந்த ரெண்டு பேரும் என் பின்னாடி வர்றதுக்குப் பதினஞ்சு வருஷம் கோல் போட்டிருக்கேன். நீ இன்னைக்கு ஒண்ணு போட்டிருக்கே. அடுத்த ஆட்டத்துல உன் பின்னாடியும் ஒருத்தன் வருவான். வந்தா, ஐயோ வந்துட்டானேன்னு நினைக்காதே. எங்க கூட்டிட்டுப் போறதுன்னு யோசி."

ஏசுபாதம் குழாயைத் திறந்து, சட்டையைக் கசக்க ஆரம்பித்தார்.