நடுக்கடலில் கேட்ட ரசீது

“டீச்சர், யாராலும் உடைக்க முடியாத பூட்டு ஒண்ணு போடணும். சொல்லிக் குடுங்க.”

கேட்டவர் சூசை. அறுபதை நெருங்குகிறவர். கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் கிளாடிஸுக்கு அவருடைய மகள் வயதுதான். தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். சூசைக்கு மொபைல் செயலி எழுதக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

“எதுக்குப் பூட்டு, அண்ணாச்சி?”

“என் செயலியைத் திருடுறாங்க. ஒருத்தர் காசு குடுத்து வாங்குனா, தெருவே காப்பி எடுத்துக்குது.”

சொல்லிக்கொண்டே மேசையைத் தட்டினார். கோபம் வராதா பின்னே? வருஷக்கணக்கில் வள்ளம் வள்ளமாக ஏறி இறங்கி, கடலுக்கடியில் மறைந்து கிடக்கும் பாறைத்திட்டுகளை எல்லாம் குறித்து வைத்து எழுதிய செயலி அது. மீனவர்களுக்கு, பாறையில் மோதாமல் வீடு வந்து சேர வழி காட்டும்.

“பூட்டுக்கு வெளியே யாரு நிக்கணும்?”

“திருடன்.”

“உள்ளே?”

“காசு குடுத்தவங்க.”

“சரி, போடுங்க” என்றார் டீச்சர்.

சூசை போட்டார். செயலியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும், இவர் காசு கொடுத்து வாங்கியவர்தானா என்று அது இணையத்தில் விசாரித்துக்கொள்ளும். வாங்கியவர்கள் எல்லோருக்கும் புதுப்பதிப்பு போய்ச் சேர்ந்தது. தன் செயலியைத் தானே காசு கொடுத்து வாங்கிச் சோதித்தும் பார்த்தார். அவ்வளவு நேர்மை.

பிறகு ஒரு பெட்டி மக்ரூன் இனிப்போடு டீச்சரைப் பார்க்கப் போனார்.

“பூட்டு பிரமாதம், டீச்சர். பழைய காப்பி வச்சிருக்கவன் வச்சிருக்கட்டும், இனிமே ஒருத்தனும் எடுக்க முடியாது.”

“கடல்ல வச்சுத் திறந்து பாத்தீங்களா?”

“வீட்டுல ஜம்முனு திறக்குதே.”

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

“வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்.”

மீனவர் ராயப்பனின் வள்ளத்தில் ஏறினார்கள். செயலி எழுதியவரே தன் வள்ளத்தில் ஏறியதும் ராயப்பனுக்கு என்னவோ போலிருந்தது. இடுப்புப் பையை இழுத்து மூடிக்கொண்டார்.

கரை மறைந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை. வள்ளத்தின் முனையே தெரியாத மழை. கூடவே காற்று.

எங்கோ பக்கத்தில் பாறைமேல் அலை உடையும் சத்தம் கேட்டது.

“எந்தப் பக்கம் கேக்குது?” என்றார் ராயப்பன். அவருக்கே தெரியவில்லை.

சூசை போனை எடுத்தார்.

‘நீங்கள் வாங்கியதைச் சரிபார்க்கிறோம். காத்திருக்கவும்.’

காத்திருந்தார். கடலில் ஏது சிக்னல்? ஆயுசெல்லாம் கப்பலில் சிக்னலோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

டீச்சரும் முறையாக வாங்கியவர்தான். அவர் போனும் காத்திருக்கச் சொன்னது.

அலைச் சத்தம் நெருங்கியது. டீச்சர் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ராயப்பனின் கை இடுப்புப் பைக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

“அண்ணாச்சி, ஏச மாட்டீங்கள்ல?”

“என்னய்யா?”

“எங்கிட்டயும் இருக்கு. காசு குடுத்து வாங்குனது இல்ல. பூட்டு வர்றதுக்கு முன்னாடி மச்சினன் அனுப்புன காப்பி.”

“ஏசுற நேரமாய்யா இது? திறங்க!”

திறந்தது. அது யாரையும் எதையும் கேட்கவில்லை.

சூசை ஒவ்வொன்றாகக் குறித்த பாறைகள் அத்தனையும் சிவப்பில் தெரிந்தன. வழியும் தெரிந்தது; இடம் சொல்வது செயற்கைக்கோள், அதற்கு இணையம் வேண்டாம்.

“வலது பக்கம் பாறை. இடது பக்கம் திருப்புங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம்...” என்று சூசை சொல்லச் சொல்ல ராயப்பன் திருப்பினார்.

வலது பக்கம் வெள்ளை நுரை பொங்கி, பின்னால் போய் மறைந்தது.

கரையில் இறங்கியதும் ராயப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“உங்க புண்ணியத்துல பொழச்சோம், அண்ணாச்சி.”

அந்தக் கைகளைச் சூசை பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவர் கண்ணில் வழிந்தது மழைத்தண்ணீர் இல்லை.

“உங்க புண்ணியம்யா. உங்க மச்சினன் புண்ணியம். அவரு நல்லா இருக்கணும்.”

டீச்சர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“சிக்னல் அத்துப்போற இடம் வரைக்கும் போய்க் காட்டிட்டுத் திரும்பலாம்னுதான் நினைச்சேன். மழையை நான் வரச் சொல்லல, அண்ணாச்சி.”

ராயப்பன் போனைத் துடைத்தார்.

“இனி எனக்கு மனசு கேக்காது. இப்பவே இதை அழிச்சிட்டு, காசு கட்டி ஒழுங்கா வாங்கிடுறேன்.”

சூசை பாய்ந்து போனைப் பிடுங்கினார்.

“அழிச்சிராதீங்க! ராத்திரிக்குள்ள பூட்டை எடுத்துடுறேன். இது கடல்ல திறக்காதுன்னு வாங்குனவங்க எல்லாருக்கும் சொல்லணும். அது வரைக்கும் நீங்க வாங்கவே வேண்டாம்.”

“அப்போ இதை என்ன செய்ய?”

சூசை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க” என்றார் சூசை. “டீச்சருக்கும் ஒண்ணு.”