எந்த நாற்காலி?

பேராசிரியர் அறவாழி சமத்துவம் பற்றிப் பேசினால் பாளையங்கோட்டையே கூடி நின்று கேட்கும். அந்தப் பேச்சில் மயங்கித்தான் இசக்கியம்மாள் அவர் வீட்டுக்குச் சமைக்க வந்தாள். வந்த நாள் முதல் அவளுக்குச் சாப்பாடு பின்கட்டில், தனித் தட்டில்.

ஒருநாள் டிவிக்காரர்கள் பேட்டிக்கு வந்தார்கள். பேராசிரியர் அடுக்களைக்குள் நுழைந்து, "இன்னிக்கு நீயும் எங்களோட மேஜையில சாப்பிடணும். தினமும் அப்படித்தான்னு தெரியணும். சொதப்பினா நாளைக்கு வராதே" என்றார்.

வேலை போனால் அவள் மகளின் படிப்பு நின்றுவிடும். பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை.

கேமரா ஓடியது. "வாம்மா, உட்காரு" என்றார் பேராசிரியர், தேனாக.

இசக்கியம்மாள் மேஜையருகே தயங்கி நின்றாள். "ஐயா, நான் தினமும் உக்கார்ற நாற்காலி எதுன்னு சொல்லுங்க. மாத்தி உக்காந்திரக் கூடாதுல்லா?"

பேட்டி எடுத்த பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் ஒவ்வொரு நாற்காலியாகத் தாவியது.

அதை ஊரே டிவியில் பார்த்தது. இனி அவளை வேலையை விட்டு நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்று அவர் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளும் வழக்கம்போலச் சமைத்தாள். தன் வீட்டு டிவியில் அவர் பேச்சு வந்தால் மட்டும் எழுந்துபோய் அணைத்துவிடுவாள்.