ஐம்பது மூடிகள்

அன்று வார்ப்படப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: முதலாளி நஞ்சப்பன், பம்பு கம்பெனி மேலாளர் ரகோத்தமன், சரக்கை எண்ணி அடுக்கும் தெய்வாத்தாள்.

ஐம்பது பம்பு மூடிகளில் ஏழு உடைந்திருந்தன. கம்பெனி கொடுத்த புதுச் செயலியோ ஐம்பதுக்குக் குறைந்தால் ஏற்கவில்லை. உடைசலை எழுத அதில் இடமும் இல்லை.

"ஐம்பதுன்னு போடும்மா. செயலியில ஏறலைன்னா இனி இந்தப் பட்டறைக்கு ஆர்டரே கிடையாது," என்றார் ரகோத்தமன். நஞ்சப்பன் தெய்வாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்.

தெய்வாத்தாள் ஐம்பது என்று போட்டாள். "வந்து சேர்ந்துச்சுன்னு நீங்களும் உங்க போன்ல ஒரு அமுக்கு அமுக்கிடுங்க சார்."

அவர் விரல் நின்றது. "நாற்பத்து மூணை வாங்கிட்டு ஐம்பதுன்னு நான் எப்படி ஒப்புக்கிறது? மீதி ஏழு எங்கே?"

"உங்க செயலிக்குள்ளதான் சார் இருக்கு. எடுத்துக்குங்க."

ரகோத்தமன் அங்கிருந்தே தலைமை அலுவலகத்தை அழைத்து, உடைசலுக்கு ஒரு கட்டம் சேர்க்க வைத்தார். தெய்வாத்தாள் நாற்பத்து மூன்று, உடைசல் ஏழு என்று திருத்திப் போட்டாள். சரக்கோடு லாரி கிளம்பியது. பட்டறையில் மிஞ்சிய மூடிகள் ஏழு.