வீட்டில் இருந்த ஒரே கூமுட்டை

பண்ணையார் வைகுண்டம் பிள்ளை வீட்டில் கோழிகளைப் பார்த்துக்கொண்டவன் இருளப்பன். அவன் மனைவி தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தை அவன் சாடை என்று வந்தவர்கள் சொல்லிச் சொல்லி, அவனுக்கு ஏக்கத்தில் சோறு இறங்கவில்லை.

"ஐயா, ஊருக்குப் போய்ட்டு வரட்டா?"

"மாப்பிள்ளை விருந்துக்கு முட்டை சேருதுல்ல? எல்லாத்தையும் பளபளன்னு கழுவி வை. அன்னைக்கு இந்த வீட்டுல ஒரு கூமுட்டை இருந்தாலும் நீ போக முடியாது."

கழுவினால் ஓட்டின் மேல்பூச்சு போய் முட்டை சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் இருளப்பன் அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த அறையில் அடுக்கினான்.

விருந்தன்று உடைக்கும் முன்புதான் கழுவிக் கொடுத்தான். ஒன்றுகூடக் கெடவில்லை. ஆனால் கூடையில் மிஞ்சியவற்றின் கறை பண்ணையார் கண்ணில் பட்டது.

"கழுவலையாடா? சரியான கூமுட்டைடா நீ!"

"ஆமாங்கய்யா. வீட்டுல இருக்கிற ஒரே கூமுட்டை நான்தான். என்னை அனுப்பிட்டா உங்க வாக்குப்படி ஒண்ணும் இருக்காது."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் புரையேறியது. பண்ணையார் வாசலைக் காட்டினார்.

"எப்படா திரும்புவே?"

"பிள்ளை என் முகம் பார்த்துச் சிரிக்கட்டும் ஐயா" என்ற பதில் தெருவிலிருந்து வந்தது.