கழுவாத சாமி

சரக்... சரக்...

கேக்குதா? யாரோ எதையோ பிரஷ் போட்டுத் தேய்க்குற சத்தம். ஒரு ஊர்ல ஒரு கல்லு மியூசியம் இருந்துச்சாம். கல்லாப் போன மரம், கல்லாப் போன நத்தை, பளபளன்னு செவப்புக்கல்லு, பச்சக்கல்லு, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே வாசல்ல நின்னா காத்தாயி. ம் கொட்டுறியா?

ஏன் வந்தா? அவ காட்டு வரப்புல ஒரு உருண்டைக் கல்லு இருந்துச்சு, அதான் அவங்க குலசாமி. வருசா வருசம் எண்ணெய் தடவி மஞ்சள் பூசுவாங்க. கழுவ மட்டும் மாட்டாங்க. பழைய மஞ்சள் மேலயே புது மஞ்சள். அதனால சாமியோட மேனிய ஒருத்தரும் பாத்ததில்ல. அந்தக் கல்ல மியூசியத்துக்காரங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. மறுநாள் அவ மகளுக்குக் காதுகுத்து. சாமி இல்லாம எப்படிக் குத்துறது?

உள்ள, மியூசியம் அதிகாரி பூவராகன் பிரஷ்ஷோட உக்காந்திருந்தாரு.

"அது சாமியில்லம்மா. டைனோசர் முட்டை, கல்லாப் போனது."

"முட்டையா? எங்க பாட்டன் காலத்துலேருந்து கும்புடுறோம், இன்னும் பொரியலயே சார்!"

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. மேசையில மூணு கல்லு, மூணும் பனங்காய் அளவு, கழுவி வெச்சது.

"உன்னோடது எதுன்னு சரியாக் காட்டு, குடுத்துடறேன்."

காத்தாயி மொதல்ல ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்தா. எல்லாம் ஒரே கனம். அப்புறம் மோந்து பாத்தா. எல்லாத்துலயும் சோப்பு வாசனை. அப்புறம் குனிஞ்சு, "ஏஞ்சாமி, நாந்தான் காத்தாயி"ன்னு கூப்புட்டா. ம்ஹூம். கல்லு கல்லாவே கெடந்துச்சு.

தூங்கிட்டியா? ம்.

அப்புறம் சாமிக்குப் பூசக் கிண்ணத்துல கொண்டாந்த மஞ்சக்குழம்ப எடுத்து, நடுக்கல்லு மேல சளக் சளக்னு பூசுனா.

"இதுதான்."

"தப்பும்மா. அது ஆத்துக்கல்லு. ஒப்பிட்டுப் பாக்க நாந்தான் பொறுக்கிட்டு வந்தேன்."

காத்தாயி கைய முந்தானையில தொடச்சா.

"அப்ப உங்க முட்டை உங்ககிட்டயே இருக்கட்டும் சார். சாமி இப்ப இதுல ஏறிட்டாரு."

அவ கல்ல இடுப்புல வெச்சுக்கிட்டு விறுவிறுன்னு கெளம்பிட்டா.

மறுநாள் வரப்புல சாமி உக்காந்திருந்தாரு. நறுக்குன்னு காது குத்துனாங்க, பொண்ணு வீல்னு கத்துச்சு. எல்லாரும் விழுந்து கும்புட்டாங்க. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. காத்தாயியும் கும்புட்டா. எந்திரிச்சு அந்தக் கல்லையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கும் தெரியல.

அப்புறம் களைக்கொத்த எடுத்துக்கிட்டு, முந்தாநேத்து விட்ட எடத்துலேருந்து களை எடுக்கப் போயிட்டா.

கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.